சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை

பழைய மாணவர்கள் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹாஸ்டல் வராந்தா, ஞாயிற்றுக்கிழமை மெஸ் சாப்பாடு, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வேப்பமரம், என்.எஸ்.எஸ். முகாம், பரீட்சைக்கு முந்தின ராத்திரி. வகுப்பில் நடந்த பாடத்தைப் பற்றி அநேகமாக யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் அது பேராசிரியர்களுக்கு நாம் வைத்த பட்டப்பெயர்களைப் பற்றியதாகத்தான் இருக்கும்! படிப்பு என்பது எங்கேதான் நடக்கிறது? இது விளையாட்டாகக் கேட்கிற கேள்வி போலத் தோன்றினாலும் நல்ல சரித்திரக் கேள்வி. நான் சரித்திரம் படித்தவன்; அதையே முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தவன். ஆகவே மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதுங்க சார்" என்று கேட்டதும் இதையே எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் என்றால் இன்று நம் மனசில் வருவது கட்டடம், மணி, பெஞ்சு, கரும்பலகை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் என்பது ஒரு வீட்டுத் திண்ணை. இல்லாவிட்டால் கோயில் மண்டபம், மரத்தடி. ஒரே ஒரு ஐயா. அவரிடம் ஐந்து வயசுப் பையனும் இருப்பான், பன்னிரண்டு வயசுப் பையனும் இருப்பான். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவெல்லாம் கிடையாது. புதுசாகச் சேர்ந்தவன் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவான். கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி முடிந்தால் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், அப்புறம் நிகண்டு, சதகங்கள். கணக்குக்கு எண்சுவடி.

இந்த எண்சுவடியை இன்றைய மாணவர்கள் ஒரு தரம் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் வாய்ப்பாடு 16-ஆம் வாய்ப்பாட்டோடு நின்றுவிடுகிறது. அவர்களுக்குப் பின்னங்களிலும் வாய்ப்பாடு உண்டு. மாகாணி என்றால் 16-ல் ஒரு பங்கு; மா என்றால் 20-ல் ஒரு பங்கு; காணி 80-ல் ஒரு பங்கு; முந்திரி 320-ல் ஒரு பங்கு. இவற்றை எல்லாம் பெருக்கி, கூட்டி, தலைகீழாக ஒப்பிக்க வேண்டும். எதற்கு இந்தக் கொடுமை என்று கேட்டால், நெல் அளப்பவனுக்கும் நிலம் அளப்பவனுக்கும் கடைக்காரனுக்கும் ஊர்க் கணக்குப்பிள்ளைக்கும் தினசரி வேண்டியிருந்தது இதுதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு இந்தக் கணக்கு உலகத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 2022-ல் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். திண்ணையில் மனப்பாடம் செய்த கணக்கும், களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் கை பழகிய கணக்கும் ஒன்றையொன்று எப்படித் தொட்டுக்கொண்டிருந்தன என்பதை அதில் காணலாம். பையன் காலையில் ஒப்பித்தது சாயங்காலம் அப்பாவின் கடையில் மரக்காலாகவும் படியாகவும் கண்முன் நின்றது. வகுப்பு முடியும் இடம் எது, வெளி தொடங்கும் இடம் எது என்று கோடு கிழிக்க முடியாத படிப்பு அது.

ஒரு ஐயா இத்தனை வயசுப் பிள்ளைகளை எப்படிச் சமாளித்தார்? அங்கேதான் சட்டாம்பிள்ளை வருகிறான். முன்னால் படித்து முடித்த பெரிய பையன், பின்னால் வந்த சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். மணலில் அவர்கள் விரலைப் பிடித்து எழுத வைப்பான். மாலையில் ஒருவன் முறை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஐயா திண்ணையின் மூலையில் பிரம்போடு உட்கார்ந்து, பெரியவர்களை மட்டும் நேராகப் பார்த்துக்கொள்வார். சட்டாம்பிள்ளை என்ற சொல் நமக்கு இன்று கேலிச் சொல்லாகிவிட்டது, அதிகாரம் பண்ணுகிறவனைப் பார்த்து "பெரிய சட்டாம்பிள்ளை இவரு!" என்கிறோம். அந்தக் கேலியிலும் நியாயம் உண்டு. ஐயாவிடம் வாங்கிய அடியைச் சட்டாம்பிள்ளை சின்னவர்களிடம் இறக்கிவைத்த கதைகள் ஏராளம்.

இந்தச் சட்டாம்பிள்ளைதான் ஒரு நாள் கப்பலேறினான்.

1753-ல் ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் பிறந்தவர் ஆண்ட்ரூ பெல். பாதிரியார். 1787-ல் இந்தியாவுக்கு வந்தார். 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை விடுதிக்கு மேற்பார்வையாளரானார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளுக்கான விடுதி அது. அங்கே இருந்த ஆசிரியர்களைக் கொண்டு வேலை நடக்கவில்லை. ஒரு நாள் குதிரையில் போய்க்கொண்டிருந்தவர், உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதை அவர் 'மலபார்ப் பள்ளிக்கூடம்' என்று குறிப்பிட்டார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்குத் தமிழும் மலபார்தான், தமிழனும் மலபார்தான். திரும்பி வந்து தம் ஆசிரியர்களிடம் 'நம் பிள்ளைகளுக்கும் இப்படிச் சொல்லிக்கொடுங்கள்' என்றார். அதெல்லாம் முடியாது என்றார்கள். சரி என்று எட்டு வயசுப் பையன் ஒருவனை அழைத்தார். ஜான் ஃப்ரிஸ்கென் என்று பெயர். சாதாரணச் சிப்பாயின் மகன். அவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பொடியன் செய்து காட்டிவிட்டான்! அதன் பிறகு பெல் விடுதி முழுவதையும் இந்த வழிக்கு மாற்றினார்.

1796-ல் ஊருக்குத் திரும்பினார் பெல். அடுத்த வருஷம், 1797-ல், லண்டனில் தம் சோதனையைப் பற்றிச் சிறு புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அப்போது ஆலைத் தொழில் பெருகி, நகரங்களில் ஏழைப் பிள்ளைகள் நிரம்பி வழிந்த நேரம். குறைந்த செலவில் நிறையப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வழி தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது வரப்பிரசாதமாக இருந்தது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் 1798-ல் லண்டனில் தாமாகவே இதே மாதிரிப் பள்ளி தொடங்கியிருந்தார். முறை யாருடையது என்று இருவருடைய ஆதரவாளர்களுக்கும் பெரிய சண்டை. வெள்ளைக்காரர்கள் இருவர் 'என்னுது, உன்னுது' என்று அடித்துக்கொண்டிருக்க, நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து ஐயாவுக்கு அந்தச் செய்தியே தெரியாது. 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபையினர் தேசிய சங்கம் ஒன்றை அமைத்து, பெல் முறையில் ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்தினார்கள். அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். 1832-ல் இறந்த பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச் சென்ற பணத்தில் அவருடைய சொந்த ஊரில் 1833-ல் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதன் பெயர் 'மெட்ராஸ் காலேஜ்'. நம் ஊர் சென்னையாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் அந்த மெட்ராஸ் இன்னும் மெட்ராஸாகவே இருக்கிறது.

சரித்திரம் படித்தவன் என்பதால் இங்கே ஒரு வார்த்தை. மணலில் எழுதுவதை இங்கே பார்த்துக் கற்றதாக ஒப்புக்கொண்ட பெல், பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது தம்முடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றுதான் சாதித்தார். ஆனால் இங்கேயே இருந்து பார்த்த வேறு வெள்ளைக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. 1823-ல் பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல், தம் ஜில்லாப் பள்ளிகளைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையில், முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குச் சொல்லிக்கொடுப்பதும், அப்படிச் சொல்லும்போதே தம் அறிவை உறுதிப்படுத்திக்கொள்வதும் பாராட்டத்தக்கவை என்றும், இங்கிலாந்து இதைப் பின்பற்றியது பொருத்தமே என்றும் எழுதினார். அதே காம்ப்பெல், பொருள் தெரியாமல் செய்யுளை உருப்போடுவதைக் கண்டிக்கவும் செய்தார். பள்ளிகள் தேய்ந்துவருவதற்குக் காரணம் நாட்டில் பரவிய வறுமை என்றும், ஐரோப்பியச் சரக்கு வந்து இங்கத்தியத் தொழிலாளர்களை நசுக்கியது என்றும் எழுதியவரும் அவரே. கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர் கம்பெனிக்கே எழுதிய வாசகம் இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த அறிக்கை எழுதக் காரணமாக இருந்தவர் கவர்னர் சர் தாமஸ் மன்றோ. 1822 ஜூன் 25-ஆம் தேதி, மாகாணத்தில் எத்தனை பள்ளி, எத்தனை மாணவர், என்ன படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். கலெக்டர்களிடமிருந்து பதில் வந்துசேர நாலு வருஷம் ஆயிற்று. (அரசாங்கக் காகிதம் அன்றும் அப்படித்தான்!) 1826 மார்ச் 10-ஆம் தேதி அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 ஜனத்தொகை கொண்ட மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வீட்டிலேயே படித்தவர்களையும் சேர்த்தால், ஆண்பிள்ளைகளில் கல்வி பெறுவோர் மூன்றில் ஒரு பங்கை நெருங்குவார்கள் என்பது மன்றோவின் கணிப்பு. சென்னை நகரத்தில் பள்ளிக்குப் போனவர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு பேர் வீட்டில் படித்ததாகக் கணக்கு வந்தது. அதை அவரே முழுசாக நம்பவில்லை. தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து 1983-ல் நூலாக வெளியிட்ட பிறகு, 'வெள்ளைக்காரன் வருவதற்கு முன் நாமெல்லாம் படித்திருந்தோம்' என்று மேடைகளில் முழங்குவது வழக்கமாகிவிட்டது.

அந்த முழக்கத்தைக் கேட்கிறபோதெல்லாம் அதே அட்டவணையின் இன்னொரு கட்டத்தை எடுத்துக் காட்டத் தோன்றும். அந்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540. அதிலும் கணிசமானவர்கள் கோயிலில் ஆடிப்பாடும் மரபைச் சேர்ந்த பெண்கள். ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் ஏற வழியில்லை. திண்ணை என்பது ஒருவருடைய வீட்டின் பகுதிதானே? வீட்டுக்குள் யாரை விடமாட்டார்களோ அவர்களைத் திண்ணையிலும் விடமாட்டார்கள். கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கியது 1894-ல். மன்றோவின் குறிப்புக்கும் அதற்கும் இடையே 68 வருஷம். கட்டடம், மணி, வருகைப் பதிவேடு என்று நாம் அலுத்துக்கொள்கிற பொதுப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அது வந்த பிறகுதான் 'இவன் உள்ளே வரலாமா' என்ற கேள்வியைச் சட்டத்தின் முன் வைக்க முடிந்தது. திண்ணையைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இங்கிலாந்துக்குப் போன சட்டாம்பிள்ளை என்ன ஆனான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே இருபது முப்பது பிள்ளைகளுக்கு நடுவே இருந்தவன், அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உட்கார்ந்த பெரிய ஹாலில் டிரில் மாஸ்டர் மாதிரி ஆகிவிட்டான். மணியடித்தால் எழுது, மணியடித்தால் துடை. சீக்கிரமே சலித்தது. 1846-ல் சம்பளம் கொடுத்துப் பயிற்சி தரும் மாணவ ஆசிரியர் திட்டம் வந்ததும் மெட்ராஸ் முறை மெல்ல மறைந்தது. இதற்கிடையே மிஷனரிகள் அதை 'நவீன முறை' என்று சொல்லி இந்தியாவுக்கே திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். நம் வீட்டுப் பாத்திரத்தையே நமக்குப் பரிசாகக் கொடுத்த கதை!

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அது ஆரம்பத்தில் வெகுகாலம் யாருக்கும் பாடம் நடத்தவில்லை; பரீட்சை நடத்தியது, பட்டம் கொடுத்தது. கற்பித்தது எல்லாம் கல்லூரிகள். பரீட்சை பாஸானால் உத்தியோகம். அந்த ஒரு கணக்கு வந்த பிறகு படிப்பு என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டது. பழைய தமிழில் மாணவன் 'இன்னாரிடம் பாடம் கேட்டேன்' என்பான். 'கேள்வி' என்ற சொல் ஒன்றே நமக்குச் செவியால் கேட்டுக் கற்பதையும் குறிக்கிறது, சந்தேகம் கேட்பதையும் குறிக்கிறது. இப்போது நாம் 'கிளாஸ் அட்டெண்ட் பண்ணினேன்' என்கிறோம். அதாவது உடம்பு அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

பழையதும் புதியதும் ஒரே ஆளின் வாழ்க்கையில் சந்தித்துக்கொண்டதைப் பார்க்க வேண்டுமானால் உ.வே. சாமிநாதையரிடம் போக வேண்டும். 1855-ல் பிறந்தவர், உத்தமதானபுரத்துக்காரர். திண்ணைப் பள்ளியில் படித்தவர். தினமும் மாலையில் ஐயா ஒரு பூவின் பெயர், பறவையின் பெயர் என்று சொல்லி அனுப்புவதையும், மறுநாள் மறக்காமல் வந்து சொல்ல வேண்டியிருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். 1871-லிருந்து 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். மாயூரம், திருவாவடுதுறை, பிள்ளையவர்கள் போகிற ஊர் எல்லாமே வகுப்பு. நடக்கிறபோது பாடம், வண்டியில் பாடம், தோட்டத்தில் பாடம். பிள்ளையவர்கள் புராணம் பாடுவார். மாணவன் ஏட்டில் எழுதிக்கொண்டே போவான். செய்யுள் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்ப்பதைவிட யாப்பிலக்கணத்துக்கு வேறு நல்ல பாடம் உண்டா? அந்த வட்டத்தில் சவேரிநாதப் பிள்ளை என்ற கிறிஸ்தவரும் இருந்தார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் பிள்ளையவர்களின் மாணவர்தான். இதில் கஷ்டமும் இருந்தது. குருவின் மனசு கோணாமல் நடக்க வேண்டும். சாமிநாதையருக்கு சங்கீதத்தில் ஆசை. கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே கற்கத் தொடங்கினார். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். நல்ல குருகுலத்துக்கும் இப்படி ஒரு விலை உண்டு.

1880-ல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற, அந்த இடத்தில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதரானார். அதே வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி, ஊருக்குப் புதுசாக வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்டார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று நீளமாக ஒரு பட்டியல் சொன்னார். முன்சீப் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார். கல்லூரிப் பண்டிதர் அந்த நூல்களைப் பார்த்ததே இல்லை! பிறகு முதலியாரே சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்து, பாடம் சொல்லும்படி கேட்டார். அதுதான் பெரிய வேடிக்கை: தெரியாத நூலை, கேட்பவருக்குச் சொல்லிக்கொண்டே கற்க ஆரம்பித்தார் சாமிநாதையர்.

பல இடங்களில் பொருள் விளங்கவில்லை. அது சைன காவியம். எங்கே போய்க் கேட்பது? கல்லூரியில் சொல்ல ஆளில்லை. பல்கலைக்கழகத்திலும் இல்லை. கும்பகோணத்திலேயே சைனர்கள் வாழ்ந்த தெரு இருந்தது. அங்கே சந்திரநாத செட்டியார் போன்றவர்கள் சிந்தாமணியைப் பரம்பரையாகப் படித்தும் கேட்டும் வந்தார்கள். பட்டம் வாங்காதவர்கள், கடை கண்ணி வைத்துப் பிழைத்தவர்கள். பகலில் கல்லூரியில் பண்டிதராக நின்று பாடம் சொன்னவர், மற்ற நேரத்தில் அந்த வீடுகளுக்குப் போய் மாணவனாக உட்கார்ந்தார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. முன்சீப்பின் ஒரு கேள்வியும் சைன வீட்டுத் திண்ணையும் இல்லாவிட்டால் இவற்றில் எவ்வளவு நம் கைக்கு வந்திருக்கும்? அதே நேரம், கல்லூரி கொடுத்த சம்பளம் இல்லாவிட்டால் அவர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்திருக்கவும் முடியாது. 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனார்.

அடுத்த வருஷம், 1904-ல், அதே கும்பகோணம் கல்லூரியில் ஒரு பையன் சேர்ந்தான். டவுன் ஹைஸ்கூலில் பரிசுகளை வாரிக் கொண்டுவந்தவன், பெயர் ராமானுஜன். கணக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை. இங்கிலீஷில் கோட்டைவிட்டு ஸ்காலர்ஷிப் போயிற்று. 1906-ல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டு தரம் தோல்வி. 1903 வாக்கிலேயே அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்திருந்தது. வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர்கள் மூலம் கிடைத்தது என்பார்கள். கார் என்பவர் எழுதியது. ஏறக்குறைய 5,000 தேற்றங்கள், நிரூபணம் பெயருக்குத்தான். கார் என்ன பெரிய மேதையா? லண்டனில் பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்த டியூஷன் மாஸ்டர்! நாமெல்லாம் மட்டமாகப் பேசுகிற 'கைடு' வகைதான் அது. நிரூபணம் இல்லாததே ராமானுஜனுக்கு வசதியாகப் போயிற்று. ஒவ்வொன்றையும் தானே செய்து பார்த்தார். 1912 மார்ச்சில் துறைமுகக் கழகத்தில் மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா. அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் கணக்கு ஆள். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம். அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பரீட்சையில் தோற்கடித்த அதே பல்கலைக்கழகம்தான்.

ராமானுஜனை உதாரணம் காட்டி 'காலேஜெல்லாம் எதற்கு' என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கும்பகோணம் கல்லூரியில் அவருக்குப் பாடம் சொன்ன சேஷு ஐயர்தான் பின்னால் அவருக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர். புத்தகம் வர ஒரு கல்லூரி பக்கத்தில் இருந்தது. கணக்குத் தெரிந்த மேலதிகாரி கிடைத்தார். கேம்பிரிட்ஜில் ஹார்டி உட்கார வைத்து, விட்டுப்போன அடிப்படைகளையும் நிரூபண முறையையும் பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தார். இந்த வாசல்களில் ஒன்றுகூடத் திறக்காமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியப்போவதில்லை.

சின்ன அளவில் என் கதையும் இதுதான் என்பதால் சொல்கிறேன். 1972-ல் நான் பி.யூ.சி. சேர்ந்தபோது எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வந்தவன் நான் ஒருவன்தான். பதினோரு வருஷம் தமிழில் படித்துவிட்டு, திடீரென்று கெமிஸ்ட்ரியை இங்கிலீஷில் கேட்டால் என்ன புரியும்? ஹாஸ்டலில் எங்கள் அறைக்கு எதிரே பி.எஸ்.ஸி. கடைசி வருஷ அண்ணன் ஒருவர் இருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வராந்தா விளக்கடியில் எங்கள் ஆறு பேரை உட்கார வைத்துக்கொள்வார். மெஸ்ஸிலிருந்து ஒரு கை புளியங்கொட்டை. அதை வைத்தே வேலன்ஸி சொல்லிக்கொடுத்தார். "ஒனக்குக் கை ரெண்டு, அவனுக்குக் கை ஒண்ணு, அப்ப எத்தன பேரு வேணும், சொல்லு" என்பார். ஒரு தரம், "அண்ணே, எங்களால ஒங்க படிப்பு கெடுதே" என்றோம். "அடப் போடா, ஒங்களுக்குச் சொல்லிக் குடுக்கப் போய்த்தான் எனக்கே இது வெளங்குது" என்றார். காம்ப்பெல் கலெக்டர் 1823-ல் எழுதியதை நான் பிற்பாடு படித்தபோது, அண்ணனின் குரல்தான் காதில் விழுந்தது. அந்த ஆறு பேரில் ஐந்து பேர் பாஸ். ஒருவன் பாதியில் ஊருக்குப் போய்விட்டான். காரணம் படிப்பில்லை, பணம்.

வகுப்பறைக்கு வெளியே ஒரு ஜில்லாவே படித்ததையும் இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலை செய்கிற பெண்கள் வேலை முடிந்து வந்து விளக்கடியில் எழுத்துப் படித்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்; கல்லூரி, பள்ளி மாணவர்கள் ஏராளம். அந்த இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். முதலில் ஊர் சிரித்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்னால் உள்ள அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ள வசதி என்றார்களாம். பஸ்ஸுக்குக் காத்திராமல் சந்தைக்குப் போகவும், தண்ணீர்க் குடம் கட்டிக்கொண்டு வரவும் அது உதவியது. 1826-ஆம் வருஷக் குறிப்பில் இருந்த 4,540 என்ற எண்ணுக்கு நான் அறிந்த நல்ல பதில்களில் இது ஒன்று. பிற்பாடு கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும் இதே வழிதான்: சாயங்காலம், தெருவிலேயே ஓர் இடம், அதே ஊர்த் தன்னார்வலர். பழைய திண்ணை மாதிரிதான். ஆனால் எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம்.

இப்போது நம் சங்கத்தின் முன்னால் உள்ள விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிவிழா நிதியில் குளிரூட்டப்பட்ட கருத்தரங்கு மண்டபம் கட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. கட்டட ஆசை எல்லாச் சங்கத்துக்கும் உண்டு. கல்வெட்டில் பெயர் வரும். நான் போன மாதம் கல்லூரிக்குப் போயிருந்தபோது நூலக வாசலில் முதலாமாண்டுப் பிள்ளைகள் சிலர் பையோடு நின்றிருந்தார்கள். மணி ஐந்தேகால். நூலகம் ஐந்துக்குப் பூட்டியாகிவிட்டது. பஸ் ஏழு மணிக்குத்தானாம். ஒரு மாணவி, "செல்லுல வீடியோ பாத்துப் படிக்கிறோம் சார். ஆனா சந்தேகம் வந்தா யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல" என்றாள். அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்க ஒரு உதவியாளர் சம்பளம், விளக்கு, காவலாளி போதும். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முதலாமாண்டுக்காரர்களோடு உட்கார, முதல்வர் சம்மதம் சொல்லியிருக்கிறார். உள்ளூரிலேயே இருக்கும் பழைய மாணவர்கள் வாரத்தில் ஒரு சாயங்காலம் வந்தால் கணக்கு, இங்கிலீஷ், கணினி மூன்றுக்கும் ஆள் கிடைக்கும். பொதுக்குழு மதிய சாப்பாட்டுக்குப் பிறகு கூடுகிறது. இது மூன்றாவது பொருளாக இருக்கிறது, தயவுசெய்து சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். பெயர் கொடுப்பதற்கான நோட்டு செயலாளரிடம் இருக்கிறது. வியாழக்கிழமைக்கு நான் எழுதிவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் இன்னும் காலி.